வரோஷாவில குளிக்கலாமா?

சைப்பிரஸ் எண்டு யூடியூப்பில தேடினா கிட்டத்தட்ட ஒரே மாதிரியான காணொளிகள்தான் வரும். அயியா நாப்பாவின் நீலக் கடல், லெஃப்காரா கிராமத்துக் கல்வீடுகள், வாசலில இருந்து நூல்வேலை செய்யிற வயசான அம்மாக்கள். கொஞ்சக் காலமா இந்த வரிசையில வரோஷாவும் சேர்ந்திருக்கு. 'பேய் நகரம்' எண்டு தலைப்பு. பின்னால கண்ணாடி உடைஞ்ச ஹோட்டல்கள், முன்னால சிரிச்சபடி ஒரு செல்ஃபி.

அது பேய் நகரம் இல்லை. ஆக்களைத் துரத்திவிட்டு அடைச்சு வைச்ச நகரம்.

ஃபமகுஸ்டாவின் கடற்கரைப் பகுதிதான் வரோஷா. 1970களின் தொடக்கத்தில் தீவின் பெயர்பெற்ற சுற்றுலா இடம். 1974 ஓகஸ்ட்டில் துருக்கிப் படை நெருங்கியபோது அங்கிருந்த கிரேக்கச் சைப்பிரியர்கள் பல்லாயிரக்கணக்கில் வெளியேறினார்கள். படை அந்த இடத்தைச் சுத்தி வேலி அடைச்சது. அந்த ஊர் மக்களைத் தவிர வேறு எவரையும் அங்கு குடியேற்ற முனைவதை ஏற்கமுடியாது என்று 1984இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை 550ஆம் தீர்மானத்தில் சொன்னது. 2020 ஒக்டோபரில் வேலியின் ஒரு பகுதி திறந்தது. ஊரவர்கள் குடியேற இல்லை, பார்வையாளர்கள் சுத்திப் பார்க்க! இப்ப அங்க தார் றோட்டு, வாடகைச் சைக்கிள், கடற்கரையில குடை எல்லாம் இருக்கு. சொந்த வீட்டைத் தேடி வாறவர் றோட்டில நிண்டு பாத்திட்டுப் போகவேண்டியதுதான்.

இது ஒரு பக்கத்தின் கதை மட்டுமில்லை. 1963க்குப் பிறகு நடந்த வன்முறையிலும் 1974இன் பிரிவினையிலும் துருக்கிச் சைப்பிரியர்களும் ஊர்களை இழந்தார்கள். பாபோஸ் மாவட்டத்தில் சூஸ்கியு மாதிரியான கிராமங்கள் இண்டைக்கும் இடிஞ்சு கிடக்கு. அதையும் 'அழகான சிதைவு' எண்டு படம் எடுக்கிறாங்கள்.

"போனாத்தானே உலகத்துக்குத் தெரியவரும்" எண்டு கேட்கலாம். நியாயம்தான். போய்ப் பார்க்கிறதை, எழுதுறதை நான் பிழை சொல்லேல்லை. ஆனா அந்தக் கரையில குடைக்குக் கீழ படுக்கிறதும் குளிக்கிறதும் வேற விசயம். உரிமையாளர் வராமலே அந்த இடம் வழமைக்குத் திரும்பிட்டுது எண்ட பொய்க்கு, ஒவ்வொரு துவாயும் ஒரு சாட்சியாகுது. இடம்பெயர்வு எண்டா என்ன எண்டு தெரிஞ்ச வீடுகளில இருந்து வந்த எங்களுக்கு இது விளங்காத கணக்கில்லை.

படிக்கவும் வேலைக்கும் சைப்பிரஸ் போற ஆக்கள் எங்கட பக்கத்திலயும் இருக்கினம். லீவு நாளில கடற்கரைக்குப் போகத்தான் செய்வினம். போங்கோ, தீவில கரைகளுக்குப் பஞ்சமில்லை. நேரம் கிடைச்சா பைலாவுக்கும் போய்ப் பாருங்கோ. ஐ.நா. இடைவலயத்துக்குள்ள இருக்கிற அந்தக் கிராமத்தில இரண்டு சமூகங்களும் இன்னும் ஒண்டாத்தான் வாழுது. சதுக்கத்தில கிரேக்கக் கோப்பிக்கடையும் துருக்கிக் கோப்பிக்கடையும் இருக்கு. இரண்டிலயும் ஒவ்வொரு கோப்பி குடியுங்கோ.