எரரை மறைப்பது கற்பித்தல் அல்ல



பைத்தானில் 'பகடை' என்றொரு கிளாஸ். அதன் இனிட்டில் பக்கங்கள் = 6. அதிலிருந்து பிறந்த 'கள்ளப்பகடை'க்குத் தனி இனிட் எழுதினால், தாயின் இனிட் தானாக ஓடாது. உருட்டினால் 'பக்கங்கள்' இல்லை என்று அட்ரிபியூட் எரர் வரும். சூப்பர் மூலம் தாயின் இனிட்டை அழைத்தால் தீர்ந்தது.

சில பயிற்சி மையங்கள் சொல்லும் வைத்தியம்: "பிள்ளை கிளாஸிலும் 6 எழுதிவிடு." எரர் போகும், பாடமும் போகும். நாளை தாயில் 8 ஆக்கினால் பிள்ளையில் 6தான் நிற்கும். அப்போது எரர்கூட வராது, தப்பான விடைதான் வரும்!

எரரின் கடைசி வரியைப் பிள்ளைகளையே படிக்க வையுங்கள். விடையை ஊட்டிவிட்டு, பிறகு "உனக்குக் கோடிங் வராது" என்று முத்திரை குத்தாதீர்கள்.