தெருவும் அவருடையது, தராசும் அவருடையது!

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்கு ஒரு நாள் காலையில் போய் நின்று பாருங்கள். ஒரு மண்டியில் கமிஷன் கட்டுப்படியாகவில்லையா, மூட்டையை இறக்காமல் வண்டியை அடுத்த மண்டிக்கு விடலாம். மண்டிக்காரருக்கும் இது தெரியும். அந்தப் பயம்தான் அவரை நியாயமாக வைத்திருக்கிறது. நல்ல குணமெல்லாம் அப்புறம்.

இப்போது மொத்தத் தெருவும் ஒருவருக்கே சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டி, தராசு, கல்லாப்பெட்டி எல்லாம் அவருடையதே. அதுதான் கூகுள் ப்ளே ஸ்டோர். இந்தியாவில் 100 ஸ்மார்ட்ஃபோனில் 90-க்கு மேல் ஆண்ட்ராய்ட். அங்கே கொலுசு விற்றால் கமிஷன் இல்லை. ஆனால் ஆப்புக்குள் பாடமோ, வரன் பார்க்கும் சந்தாவோ விற்றால் உண்டு. வேறு வழியில் பணம் வாங்கினாலும் 11 முதல் 26 சதவீதம் வரை எடுத்து வைக்கச் சொன்னார்கள்.

“இது எப்படி சார் ஏகபோகம்? ஆப்பிள் இருக்கே!” என்பீர்கள். நானும் பி.காமில் அப்படித்தான் எழுதினேன்: ஒரே விற்பனையாளர் இருந்தால் ஏகபோகம். பரீட்சைக்கு அது சரி. நம்முடைய 2002-ம் வருடப் போட்டிச் சட்டம் வேறு கேள்வி கேட்கிறது. போட்டியாளரையும் வாடிக்கையாளரையும் சட்டை பண்ணாமல் இவரால் நடக்க முடிகிறதா? பெரிய ஆளாக இருப்பது குற்றமே இல்லை. அந்தப் பலத்தை வைத்து அடுத்தவன் கழுத்தைப் பிடிப்பதுதான் குற்றம்.

2024 மார்ச்சில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி ஆப்பை, கட்டணம் தரவில்லை என்று கூகுள் தூக்கியது. மத்திய அரசு தலையிட்ட பிறகு, சில நாளில் திரும்ப வந்தது. கட்டணத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்பது கிடக்கட்டும். கடையைத் திறக்க மந்திரி பேச வேண்டியிருந்ததே, அதற்குப் பெயர் என்ன?

“வெளியிலிருந்து ஆப்பை இறக்கிக்கொள்ளலாமே?” இறக்கலாம். ஆபத்து என்று திரையில் எச்சரிக்கை வந்த பிறகு உங்கள் அம்மா இறக்குவாரா?

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் இரண்டு உத்தரவுகளில் 1,337.76 கோடியும் 936.44 கோடியும் அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் முதலாவது நின்றது. இரண்டாவது 2025 மார்ச்சில் 216.69 கோடியாகச் சுருங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அமெரிக்காவிலேயே 2024 ஆகஸ்டில், தேடல் சந்தையில் கூகுள் ஏகபோகக்காரர்தான் என்று நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பு எழுதிவிட்டார்.

மலிவு விலையில் ஸ்மார்ட்ஃபோன் கிடைத்ததற்குக் கூகுளுக்கு நன்றி சொல்லலாம். நன்றிக்காகத் தெருவை எழுதிக் கொடுக்க முடியாது. அபராதத்தை அவர்கள் ஒரு செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நாம் கேட்க வேண்டியது அடுத்த மண்டி. வண்டியைத் திருப்ப இடமிருந்தால் தராசு தானாக நேராகும்.