சுவர் இருந்தால்தானே சித்திரம்!



பிராஜெக்ட்டுக்கு நாம் இணையதளம் செய்கிறோம். லேப் கம்ப்யூட்டரில் ஓடிவிட்டால் "முடிஞ்சதுடா மச்சான்!" என்று கிளம்பிவிடுகிறோம். நானும் அப்படிக் கிளம்பியவன்தான்.

சென்ற செமஸ்டரில் நான் செய்தது பஸ் பாஸ் விண்ணப்பப் படிவம். கடைசி நாளன்று முதலாண்டுத் தம்பி ஒருவன் தன் பழைய போனில் அதைத் திறந்தான். வெறும் வெள்ளைத் திரை! "அண்ணே, ஒண்ணுமே வரலையே" என்றான். "போனை மாத்துடா" என்று சொல்லிவிட்டேன். பாவம், யாரிடமோ போனைக் கெஞ்சி வாங்கி நிரப்பினான்.

அன்றிரவு தேடிப் பார்த்தேன். குற்றவாளி அவன் போன் அல்ல. என் புரோகிராமில் ஒரு கேள்விக்குறி, அதன் பக்கத்தில் ஒரு புள்ளி. 2020-இல் ஜாவாஸ்கிரிப்டில் சேர்ந்த குறியீடு அது. பழைய பிரவுசருக்குப் புரியாது. ஜாவாஸ்கிரிப்டில் இலக்கணம் புரியாத ஓர் இடம் வந்தால், அந்த ஃபைல் முழுவதுமே ஓடாது. நானோ மொத்தப் படிவத்தையும் அதை வைத்தே வரவழைத்திருந்தேன்!

எச்.டி.எம்.எல். அப்படியா? தெரியாத டேக் வந்தால் அதை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டும். சி.எஸ்.எஸ். தனக்குத் தெரியாத விதியை மட்டும் தாண்டிப் போகும். மின்னஞ்சலுக்கென வந்த புதுப் பெட்டியைப் பழைய பிரவுசர் சாதாரண எழுத்துப் பெட்டியாகக் காட்டிவிடும். வேலை நிற்காது.

ஆகவே என் கருத்து இதுதான். முதலில் வெறும் எச்.டி.எம்.எல்.-இல் படிவமும் அனுப்பும் பொத்தானும் வேலை செய்யட்டும். விவரம் சரியா என்று சர்வரும் பார்க்கட்டும். அதன்மேல் சி.எஸ்.எஸ். அழகு. கடைசியில்தான் ஜாவாஸ்கிரிப்ட். இந்த முறைக்கு 2003-இல் ஸ்டீவன் சாம்பியன் 'புரோகிரஸிவ் என்ஹான்ஸ்மென்ட்' என்று பெயர் வைத்தார். நம்மூர்க் கணக்கில், சுவரை எழுப்பிவிட்டுச் சித்திரம் வரைவது!

"இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கே 2022-இல் ஓய்வு கொடுத்தாச்சு. பழைய பிரவுசரில் பாதுகாப்பு ஏது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். புதுப்பிக்க முடிந்தவர்கள் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். ஆனால் கம்பெனியே அப்டேட்டை நிறுத்திவிட்ட போனை வைத்திருப்பவன் என்ன செய்வான்? எல்லா போனிலும் ஒரே அழகு வேண்டுமென்று நான் கேட்கவில்லை. விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

படிவத்தைத் திருத்தி எழுதி அதே தம்பியிடம் நீட்டினேன். வண்ணமில்லை, வளைவில்லை. ஆனால் விண்ணப்பம் போனது! "இப்ப வருதுண்ணே" என்று அவன் சிரித்த சிரிப்பு, பிராஜெக்ட்டுக்கு வாங்கிய மார்க்கைவிடப் பெரிது.

நண்பர்களே! நாளை ரேஷன் கார்டுக்கும் ஆஸ்பத்திரி டோக்கனுக்கும் இணையதளம் எழுதப் போவது நாம்தான். அடுத்த பிராஜெக்ட்டைக் கொடுப்பதற்கு முன், வகுப்பிலேயே பழைய போன் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். காட்டுவீர்கள்தானே?