கோயாவின் விலங்குகளுக்குப் பொழிப்புரை எதற்கு?

கோயாவின் ‘லாஸ் காப்ரிச்சோஸ்’ பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாய்பாடும் கூடவே வந்துவிடுகிறது: கழுதை அறியாமை, வௌவால் மூடநம்பிக்கை, ஆந்தை மடமை. விலங்குக்கு எதிரே ஒரு சொல்லை எழுதிவிட்டால் படம் தீர்ந்துவிட்டதாகக் கருதும் இந்தப் பொழிப்புரை வாசிப்பை நாம் மறுக்கிறோம்.

1799இல் வெளியான 80 செப்புத்தகட்டு அச்சோவியங்கள் அவை. 37 முதல் 42 வரையிலான தகடுகளில் கழுதைகள் ஆசிரியராக, மருத்துவராக, குலப்பெருமை பேசுவோராக வருகின்றன. 39ஆம் தகட்டின் கழுதையை அமைச்சர் கோதோய் என்றே சுட்டிய பழைய கையெழுத்துக் குறிப்புகளும் உண்டு. இருக்கட்டும், கோயா அங்கதக்காரர்தாம். ஆனால் கோதோய் யாரென்றே அறியாத நம்மையும் அந்தக் கழுதை ஏன் அமைதியிழக்கச் செய்கிறது?

விடை கோட்டில் இருக்கிறது. மெழுகு பூசிய தகட்டில் ஊசி தடையின்றி ஓடும். கையின் வேகமும் தயக்கமும் அப்படியே பதியும். பிறகு அமிலம் அக்கோட்டை அரித்து ஆழமாக்கும். பள்ளத்தில் தேங்கிய மையை ஈரத்தாள் அழுத்தத்தில் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே இது தாள்மேல் வழுக்கிச் சென்ற கோடன்று. உலோகத்தைத் தின்ற கோடு. 42ஆம் தகட்டில் இரு மனிதர்கள் கழுதைகளைச் சுமந்து குனிந்து நிற்கின்றனர். ‘உழைப்போர் மீது ஆள்வோர்’ என்று ஒரே வரியில் பொருள் சொல்லிவிடலாம். கண்மூடிய அம்முகங்களையும் விலங்கின் ரோமத்தையும் ஒரே கீறல்கள் உருவாக்குவதால், எங்கே மனிதன் முடிந்து எங்கே கழுதை தொடங்குகிறது என்ற ஐயத்தை அந்த ஒருவரி தீர்ப்பதில்லை.

புகழ்பெற்ற 43ஆம் தகட்டிலும் இதுவே. பிசின்தூளால் உண்டாக்கப்படும் ‘அக்வாடின்ட்’ இருளுக்குள் செல்லச்செல்ல வௌவால்கள் உருவிழந்து நிழலாகின்றன. அதன் வாசகத்திலுள்ள ‘சுவேன்யோ’ என்ற ஸ்பானியச் சொல்லுக்கு உறக்கம், கனவு என இரு பொருளும் உண்டு. பகுத்தறிவு உறங்குவதால் பூதங்கள் பிறக்கின்றனவா, அது காணும் கனவே பூதங்களா? ஒன்றைத் தேர்ந்து மற்றதை அடித்துவிடும் உரிமையை உரைகாரர்க்கு யார் அளித்தார்?

உள்ளுறையைப் பாடமாக நடத்தும் நமக்கும் இக்குற்றத்தில் பங்குண்டு. வகுப்பறையில் குறிப்பெழுத வைத்தே பழகிவிட்டோம். 37ஆம் தகட்டில் ஒரு கழுதை, குட்டிக் கழுதைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறது. அதற்கு நேரே ‘மூட ஆசிரியர்’ என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. அந்தக் கோட்டின்முன் நின்று, நம் முகத்தை அங்கே தேடிப் பார்ப்பதே வாசிப்பு.