கொள்ளைநோயும் மதமாற்றக் கணக்கும்

கொரோனா காலத்தில் வலுவாகப் பேசப்பட்ட வாதம் இன்னும் ஓயவில்லை. ரோமப் பேரரசில் கொள்ளைநோய் வந்தபோது மற்றவர்கள் ஓடினார்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் நின்று பணிவிடை செய்தார்கள், அதனால் அதிகம் பிழைத்தார்கள். அதைக் கண்டு ஊரே மதம் மாறியது என்கிறார்கள். சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க்கின் 1996-ஆம் ஆண்டு நூல் இதற்குச் செல்வாக்குத் தேடித்தந்தது.

பணிவிடை உண்மை. மற்றவற்றை அப்படியே ஏற்க முடியாது.

'மற்றவர்கள் ஓடினார்கள்' என்பதற்கு முக்கியச் சாட்சி, அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியுஸ் 260-ஐ ஒட்டி எழுதிய மடல். உயிர்ப்புப் பெருவிழாவையொட்டித் தம் மக்களுக்கே அவர் எழுதியது அது. மற்றவர்களின் தரப்பு அதில் இல்லை. கி.மு. 430-இல் ஏதென்ஸை நோய் தாக்கியபோது, நண்பர்களைக் கைவிட மனமில்லாமல் போய்ப் பார்த்தவர்கள் செத்து விழுந்ததை துசிடிடீஸ் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் எந்தத் திருச்சபையையும் சேர்ந்தவர்கள் அல்ல.

'அதிகம் பிழைத்தார்கள்' என்பதற்கு தியோனிசியுஸே பதில் சொல்கிறார். இறந்தவரின் கண்ணையும் வாயையும் மூடி, தோளில் சுமந்து, குளிப்பாட்டித் துணி சுற்றியவர்கள் சில நாட்களில் தாங்களும் அதே நிலைக்கு வந்தார்கள். குருக்களும் திருத்தொண்டர்களும் அதில் போனார்கள். தண்ணீரும் கஞ்சியும் கொடுத்துப் பலரைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் எண்ணிக்கை எதுவும் நம்மிடம் இல்லை. ஸ்டார்க் தருவது அனுமானக் கணக்கு.

ஊர் மனம் மாறியதா? கார்த்தேஜில் நடந்தது வேறு. நோய்க்கே கிறிஸ்தவர்கள்தான் காரணம் என்ற பழியை மறுத்து ஆயர் சிப்ரியான் தனி நூலே எழுத வேண்டியிருந்தது. பகைவருக்கும் உதவுங்கள் என்று தம் மக்களை ஏவிய அவரை 258-இல் அரசு வெட்டிக் கொன்றது.

தமிழ் நிலத்திலும் இந்தக் கணக்கு ஒட்டவில்லை. ஏலாக்குறிச்சியில், அரியலூர் மழவராயரின் பிளவையை வீரமாமுனிவர் ஆற்றினார் என்பது மரபு. மழவராயர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்கிறது அந்த மரபு. மதம் மாறினார் என்று சொல்வதில்லை.

யாழ்ப்பாணம் இன்னும் தெளிவான சான்று. 1855-இல் மானிப்பாயில் காலராவுக்குப் பலியானவர் மிஷனரி டேனியல் பூவர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, பிறகு மானிப்பாயில் மருத்துவம் பார்த்த மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிரீன், அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர் மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். பலருக்குத் தமிழிலேயே பாடம். அதே காலத்தில்தான் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மக்கள் கிரீனிடம் மருந்து வாங்கினார்கள், நாவலரிடம் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்தவரை ஆள்பிடிக்க வந்தவராக ஆக்கிவிடுகிறது இந்த வாதம். அது அவருக்குச் செய்யும் அநீதி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்றும் பெரும்பான்மையோர் சைவர்களே. கிரீன் பெயர் தாங்கிய மருத்துவமனையும் மானிப்பாயில் இருக்கிறது.