வாளுக்கு முன்னே பெஞ்சு

வீட்டிலேயே ஒரு சிறு தச்சுப் பட்டறை அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களிடமும், கணினியின் முன் நாள் முழுவதும் உட்கார்ந்து அலுத்துப்போன இளைஞர்களிடமும் ஒருங்கே பரவி வருவதைக் காணச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆசை கடைத்தெருவுக்குப் போய்ச் சேரும் விதத்தைப் பார்க்கும்போது கவலையும் உண்டாகிறது. அவர்கள் முதலில் விலை கேட்பது வட்டரம்பம் பொருத்திய மேஜை யந்திரத்தை. அடுத்துக் கேட்பது அதைவிட உரத்த சப்தம் போடும் வேறொரு யந்திரத்தை. அறுபடப் போகும் மரம் எதன்மேல் அசையாமல் கிடக்கப் போகிறது என்ற கேள்வியோ அவர்கள் மனத்தில் உதிப்பதே இல்லை. என் அபிப்பிராயம் இதற்கு நேர் விரோதமானது. வீட்டுப் பட்டறைக்குள் முதலில் நுழைய வேண்டியது ஸ்திரமான ஓர் அறுப்புப் பெஞ்சு. அதற்குத் தகுந்த இரண்டு கைவாள்கள் அதன் பின்னே வரலாம். யந்திரம் எப்போது வரும், வரத்தான் வேண்டுமா என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

வாளின் ஒவ்வோர் ஓட்டத்திலும் கையிலிருந்து புறப்படும் சக்தி இரண்டாகப் பிரிகிறது; ஒரு பங்கு மரத்தை அறுக்கிறது, மற்றொரு பங்கு மரத்தை ஆட்டிவைக்கிறது. பலகை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேலோ, சாப்பாட்டு மேஜையின் விளிம்பிலோ கிடக்குமானால், இந்த இரண்டாவது பங்கே அதிகமாகிவிடும். பலகை துள்ளும், கோடு விலகும், விலகிய கோட்டைத் திருத்தப் போய் வாள் இறுகிக்கொள்ளும், இறுகிய வாளை ஆத்திரத்தோடு தள்ளினால் தகடு வளைந்து, பிறகு எக்காலத்திலும் நேராக ஓடாது. இத்தனைக்கும் கடைசியில் பழி விழுவது வாளின் மேல்தான். ‘நல்ல ரம்பமாக வேறொன்று வாங்க வேண்டும்’ என்று மறுபடியும் கடைக்குப் புறப்படுகிறவர், தம் வீட்டு மேஜையைச் சந்தேகிப்பதே இல்லை.

நம் ஊர் ஆசாரிகளுக்கு இந்த உண்மை யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருந்தது. தரையில் உட்கார்ந்து, ஒரு கட்டையின் மேல் பலகையைச் சாய்த்து, பாதத்தால் அதை அழுத்திக்கொண்டு வாள் போடுகிற தச்சரைப் பார்த்தவர்கள், அவர் தம் உடலின் பாரத்தையே ஒரு பிடிகருவியாக ஆக்கிக்கொண்டிருந்த சாமர்த்தியத்தை மறக்க மாட்டார்கள். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலையின் சீற்றத்தில் புதையுண்ட ஹெர்குலேனியம் நகரத்துச் சுவரோவியம் ஒன்றிலும், சிறகு முளைத்த இரண்டு குழந்தைகள் ஒரு தாழ்ந்த பெஞ்சில் பலகையைக் கிடத்திச் சேர்ந்து வாள் இழுக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் பழக்கம் விட்டுப்போன நமக்கு, இந்தத் தாழ்ந்த பெஞ்சே தக்க மாற்று. பாதம் செய்த காரியத்தை இங்கே முழங்கால் செய்கிறது, அவ்வளவுதான்.

முழங்கால்தான் இதன் அளவையும் தீர்மானிக்கிறது. பெஞ்சின் மேற்பரப்பு, நிற்பவருடைய முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். சாதாரண உயரமுள்ளவர்களுக்கு அது 18 முதல் 20 அங்குலம் வரை வரும். அந்த உயரத்தில் இடது முழங்காலைப் பலகையின் மேல் ஊன்றினால், உடலின் பாரம் முழுவதும் மரத்தின் மேல் இறங்கும். வலது கை தடையின்றி ஓடும். கண் கோட்டுக்கு நேர் மேலே இருக்கும். சாப்பாட்டு மேஜை 30 அங்குல உயரம் ஆகையால், அங்கே முழங்காலுக்கு வேலை இல்லை, தோளுக்கோ அளவுக்கு மிஞ்சிய வேலை. மூன்றடி நீளமும், ஏழெட்டு அங்குல அகலமும், குறைந்தது ஒன்றரை அங்குலக் கனமும் உள்ள ஒரு பலகை மேலே. கீழே வெளிப்புறமாகச் சற்று விரிந்து நிற்கும் கால்கள். அந்தக் கால்களைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள். ஒரு முனையில் கவட்டையாக ஒரு வெட்டு விட்டுவிட்டால், பலகையை நெடுக்காக அறுக்கும்போது வாள் அந்தப் பிளவுக்குள் இறங்கி ஏற, மரம் இருபுறமும் தாங்கப்பட்டிருக்கும். நீளப் பலகைகளோடு பழகப் போகிறவர் ஒரே உயரத்தில் இரண்டு பெஞ்சுகள் செய்துகொள்வது சிலாக்கியம்.

பெஞ்சு கனமாக இருப்பது குறையன்று, குணம். அதற்காகப் புதுத் தேக்கு வாங்கிச் செலவழிக்க வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. பழைய வீடுகளை இடித்த மரச்சாமான்கள் விற்கும் கடைகளில், கதவு நிலைகளும் உத்தரத் துண்டுகளும் வைரம் பாய்ந்த நிலையில் இன்னும் கிடைக்கின்றன. உள்ளே ஒளிந்திருக்கும் ஆணிகளை மட்டும் சிரத்தையோடு தேடிப் பிடுங்கிவிட வேண்டும், ஏனெனில் ஒரே ஓர் ஆணி புது வாளின் பற்களைக் கணத்தில் மழுக்கிவிடும். மொட்டை மாடியில் பட்டறை வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழைநீர் வடிவதற்காக அந்தத் தளம் சரிவாகவே போடப்பட்டிருக்கும். ஆகவே நான்கு கால் பெஞ்சு அங்கே எப்போதும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கப் பார்க்கும். பெஞ்சை அது நிரந்தரமாக நிற்கப்போகும் இடத்திலேயே வைத்துக் கால்களைச் சமன் செய்வதுதான் இதற்குப் பரிகாரம்.

இனி வாள். மரத்தின் ரேகையோடு நெடுக்காக அறுப்பதற்கும், ரேகையை வெட்டிக் குறுக்காக அறுப்பதற்கும் பற்களின் சுபாவம் வேறுவேறாக இருக்க வேண்டும். நெடுக்கு வாளின் பற்கள் சின்னஞ்சிறு உளிகளின் வரிசையைப் போல முன்னோக்கிச் செதுக்கிக்கொண்டு போக, குறுக்கு வாளின் பற்கள் கத்திமுனைகளாகச் சாய்த்துத் தீட்டப்பட்டு, இழைகளை முதலில் கீறிப் பிறகே தூளாக்குகின்றன. முன்னதற்கு அங்குலத்துக்கு ஐந்தாறு பற்கள் போதும். பின்னதற்கு எட்டு முதல் பத்து வரை தேவை. ஆயினும் ஊருக்கு ஊர் மர அறுவை மில் இருக்கும் நம் நாட்டில், நெடுக்கு அறுப்பின் பெரும் பிரயாசையைக் கூலி கொடுத்து அங்கேயே முடித்துக்கொண்டு வந்துவிடலாமாகையால், வீட்டுக்காரர் முதலில் வாங்க வேண்டியது நல்ல குறுக்கு வாள் ஒன்றும், கழுந்துகளை அறுப்பதற்கு முதுகில் கனத்த பட்டை பொருத்திய, நுண்ணிய பற்களுள்ள, ஓர் அடி நீளமுள்ள சிறு வாள் ஒன்றுமே.

கடையில் வாளைப் பரீட்சிக்க வெகுநேரம் ஆகாது. தகட்டைச் சற்று வளைத்து விட்டால் அது தானாக நேராகத் திரும்ப வேண்டும். பல்வரிசையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கோணலின்றி இருக்க வேண்டும். பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சீராகச் சாய்ந்திருக்க வேண்டும், அந்தச் சாய்வு இல்லாவிட்டால் வாள் தான் வெட்டிய வழியிலேயே சிக்கிக்கொள்ளும். பற்களின் நுனி கருநீலமாகத் தெரிந்தால், அவை கடினமாக்கப்பட்டவை என்று அறியலாம். நெடுநாள் மழுங்காமல் உழைக்கும் அவை, மழுங்கியபின் அரத்துக்கு இடம் கொடுக்காமல் குப்பைக்கே போகும். தேக்கு மரத்திலோ இயல்பாகவே சிலிக்கா கலந்திருப்பதால், எந்த வாளும் அதில் விரைவில் கூர் இழக்கும். எனவே அரம் ஏற்கும் சாதாரண வாளையும், கூடவே ஒரு முக்கோண அரத்தையும் வாங்குகிறவரே விவேகி என்பேன். இழுக்கும்போது அறுக்கும் ஜப்பானிய வாள்கள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. மெல்லிய தகடு, துல்லியமான வெட்டு, மென்மரத்துக்கு மிக அழகு. ஆனால் வேலமரத்தின் முடிச்சில் அவசரப்பட்டால் அவற்றின் பற்கள் உதிரும்.

யந்திரத்தை நான் வெறுக்கிறேன் என்று எண்ண வேண்டாம். எட்டடிக்கு நாலடி பிளைவுட் தகடுகளால் அலமாரி செய்கிறவருக்குக் கைவாள் வீண் தண்டனை. ஆனால் நம் தச்சுக் களங்களில் சர்வசாதாரணமாகிவிட்ட ஒரு வழக்கத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. கல் அறுப்பதற்காகச் செய்யப்பட்ட மார்பிள் கட்டரில் மரம் அறுக்கும் வட்டத்தகட்டை மாட்டி, காப்புமூடியைக் கழற்றி எறிந்து, ஒரு பிளைவுட் பலகையின் அடியில் தலைகீழாகப் பொருத்தி, அதற்கு மேஜை ரம்பம் என்று பெயர் சூட்டுகிறார்கள். அந்த யந்திரம் நிமிஷத்துக்கு 12,000 சுற்றுக்களுக்கும் மேல் சுழல்வது; மரத்துக்கென்றே செய்த கைவட்டரம்பங்களோ பெரும்பாலும் 5,000 சுற்றுக்களை ஒட்டியே சுழல்கின்றன. அறுபட்ட பிளவு தகட்டின் பின்னால் நெருங்கி மூடிக்கொள்ளும்போது, மேலெழும் பற்கள் மரத்தைக் கவ்வி அறுப்பவர் மேலேயே வீசிவிடும். இதைத் தடுக்கவே முறையான மேஜை ரம்பங்களில் தகட்டுக்குப் பின்னால் பிளவைப் பிரித்துவைக்கும் ஒரு கத்தி நிற்கிறது. தலைகீழ் மார்பிள் கட்டரில் அது கிடையாது. காப்புச் சாதனங்களுடன் விற்கப்படும் மேஜை ரம்பங்களாலேயே அமெரிக்காவில் ஆண்டுக்கு 30,000-க்கும் மேற்பட்டோர் காயமடைகிறார்கள் என்றால், காப்பே இல்லாத இந்த அவசர யந்திரத்தைப் பற்றி என்ன சொல்வது? தூசியும் ஒரு விஷயம்: மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் வகைப்படுத்தியிருக்கிறது, யந்திரம் கிளப்பும் நுண்தூள், கைவாளின் பருத்த தூளைப் போல உடனே தரையில் படியாமல் அறையெங்கும் மிதப்பது.

ஆகவே இந்த மாதம் யந்திரத்துக்கென்று பணம் ஒதுக்கிவைத்திருப்பவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அதை ஓர் ஆண்டு ஒத்திப்போடுங்கள். குறுக்கு வாள் ஒன்றும் அரம் ஒன்றும் வாங்கி, பழைய மரத்தில் ஒரு பெஞ்சு செய்துகொள்ளுங்கள். பெஞ்சு இல்லாமல் பெஞ்சை எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு, வாசற்படியின் விளிம்பே போதும்.