வரி கட்டியாச்சு, வாசல் மிதிப்பது எப்போ?
சாயங்கால நூலகம்: சாவி யார் கையில்?

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். ரூபாய்க்கு 10 காசு! 1,200 ரூபாய் சொத்து வரி கட்டும் கடைக்காரர் நூலகத்துக்கென்றே 120 ரூபாய் தருகிறார். "கடைசியா எப்போ உள்ளே போனீங்க?" என்று கேட்டால் தலையைச் சொறிவார்.

சுதந்திரம் வந்த மறு வருடமே, 1948-ல், சென்னை மாகாணம் போட்ட சட்டம் இது. கட்டடம், புத்தகம், சம்பளத்துக்கு வழி பிறந்தது. ஜனங்களை உள்ளே வரவழைப்பது யார்? அங்கேதான் சிக்கல்.

2007-ல் பிரிந்த பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் மைய நூலகம் உண்டு. குரூப்-4 பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அமைதி வேண்டும், நியாயம்தான். ஆனால் 'உஷ்' என்கிற இடத்துக்கு எட்டு வயசுப் பயல் வருவானா? வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவரும், சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து வருகிறவரும் வாசலிலேயே தயங்குவார்கள்.

கேரளத்தில் கதை வேறு. 1945-ல் பி.என்.பணிக்கர் 47 நூலகங்களைச் சேர்த்துச் சங்கம் கட்டினார். அங்கே ஊர்க் கமிட்டி நடத்துகிறது, அரசு மானியம் தருகிறது. பொழுது சாய்ந்தால் வாசகசாலையில் கூட்டம், நாடகம், காரசாரமான வாக்குவாதம்!

நம்மிடமும் வாசகர் வட்டம் இருக்கிறது. பல ஊர்களில் விழாவுக்கு மேடை போடுவதோடு சரி. வாரத்தில் இரண்டு சாயங்காலத்தை அதன் கையில் கொடுத்தால் என்ன? உள்ளே படிப்பவர்களுக்குத் தொந்தரவில்லாமல் வராந்தாவில் குழந்தைகளுக்குக் கதை. பட்டா மனு, பேங்க் பாரம் நிரப்பித் தர ரிட்டயர்டு குமாஸ்தா ஒருவர். 2018-ல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்தபோது இந்தப் பக்கத்து விவசாயி மருந்துக் கடைக்காரர் சொன்னதைத்தான் நம்பினார். வேளாண்மை அதிகாரியை நூலகத்துக்கே அழைத்துப் பேச வைத்திருக்கலாமே!

ஆள் கிடைக்காது என்பது சாக்கு. 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் சாயங்காலமானால் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொன்னவர்கள் நம்மூர்ப் பெண்கள்தானே?

நூலகருக்கும் பயம் உண்டு. ஒற்றை ஆளாக நடத்துகிற இடத்தில் இரவு எட்டு மணிக்குப் பூட்டுவது யார்? புத்தகம் தொலைந்தால் யார் பதில் சொல்வது? பேச்சில் தைரியம் சொன்னால் போதாது. அந்த இரண்டு நாளும் சாவி வாசகர் வட்டத்திடம், இழப்பு நூலகர் தலையில் விழாது என்று மாவட்ட நூலக அலுவலர் எழுத்து மூலம் உத்தரவு தரவேண்டும்.